புதிதாக ஒன்றும் இல்லை

நான்கு பதினேழுக்கு அமோனியா கசிந்தது.
நான்கு பத்தொன்பதுக்குக் குறுஞ்செய்தி போயிற்று,
அறுபத்து மூன்று பேருக்கு, ஒரே தட்டலில்:
வெளியேறுங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் கூடுங்கள்.
வேலை முடிந்ததென்று நாற்காலியில் சாயப்போனேன்.

சுவருக்கு அந்தப் பக்கம்
உடைமாற்றும் அறையின் இரும்புப் பெட்டிகளுக்குள்
கைபேசிகள் அதிர ஆரம்பித்தன,
தகரத்தில் அடைத்த வண்டுகள் மாதிரி.
மீன் தொடும் கைகளுக்குக் கைபேசி கூடாது.
அந்த விதியைத் தட்டச்சு செய்து
நான்கு மொழிகளில் ஒட்டியவளும் நான்தான்.

சங்கு ஊதியது, உண்மைதான்.
புதன்கிழமைதோறும் சோதனைக்கு ஊதும் அதே சங்கு.
அன்றைக்கும் புதன்.
ஜிவிலே தலைதூக்கிப் பார்த்துவிட்டு
அடுத்த காட் மீனின் வயிற்றைக் கீறினாள்.

முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடினேன்.
என் நார்வீஜிய மொழி ரப்பருக்குள் கொழகொழத்தது.
ஒரு தெர்மோகோல் பெட்டி மூடியைப் பிடுங்கி
மை பேனாவால் அம்புக்குறி போட்டேன்.
எழுத்துக்கூட இல்லை, அம்பு மட்டும்.
கத்திகள் மேசையில் விழுந்த ஓசை
வரிசையாகக் கேட்டது.

உறைநிலை அறையில் ஹப்தோம்,
காதை மூடிய கவசம், எனக்கு முதுகு.
கதவுக் கண்ணாடியைத் தட்டித் தட்டி
என் முஷ்டிதான் வலித்தது.
விளக்கை அணைத்தேன். போட்டேன். அணைத்தேன்.
திரும்பினான்.

வெளியே ஜனவரி, சூரியன் எட்டிப் பார்க்காத மாதம்.
விளக்குக் கம்பத்தின் காற்றுப்பை
பாரென்ட்ஸ் கடலுக்கு முதுகைக் காட்டி
நேராக வண்டி நிறுத்துமிடத்தை நீட்டிக்கொண்டிருந்தது.
அங்கேதான் எல்லாரும் நின்றார்கள்.
நான் சொன்ன இடத்தில்.
ஒருவர் இருமத் தொடங்கியிருந்தார்.

ஒலிபெருக்கியில் சொன்னேன்:
நான் சொன்னது தப்பு. உப்புக் கிடங்குக்கு வாருங்கள்.
மூன்று சொல்தான் அந்த முதல் வாக்கியம்,
பதினோரு வருட வேலையில்
அதைவிடக் கனமான மூட்டையைத் தூக்கியதில்லை.

ஓஸ்லோவிலிருந்து தொலைபேசி:
'உறுதியாகும்வரை எதுவும் சொல்லாதே, குன்வோர்.'
சரி என்றேன்.
வைத்துவிட்டு உப்புச் சாக்கின்மேல் ஏறினேன்.
குழாய் எதுவென்று தெரியவில்லை.
தீயணைப்பு வண்டி மலைச்சாலையில், பனியில்.
வீட்டுக்கு எப்போது போகலாம், தெரியாது.
பத்து நிமிடத்தில் மறுபடி வருவேன்,
தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

எண்ணினோம். அறுபத்திரண்டு.
பட்டியலைப் படித்தேன்: சொம்ஜித்?
சொம்ஜித்?
உப்பின் மௌனம் ஒன்று உண்டு, ஈரத்தை உறிஞ்சும்.
பின்வரிசையில் ஒரு குரல்:
'அவள் இன்றைக்கு விடுப்பு.
ஷிப்டை மாற்றிக்கொண்டோம், அவளுக்குப் பதில் யூனாஸ்.'
யூனாஸ் கையைத் தூக்கினான், பட்டியலில் இல்லாதவன்.
அப்படியானால் ஒரு ஆள் குறைகிறதே?
'என்னை எண்ணவே இல்லை' என்றான்.
அவர்கள் எனக்குச் சொன்னார்கள்.

ஐந்து பத்துக்குப் புதிதாக ஒன்றும் இல்லை என்றேன்.
ஐந்து இருபதுக்கும் அதே.
யாரும் முணுமுணுக்கவில்லை.
தாய்லாந்துக்காரிகள் இருவர் சீட்டுக்கட்டை எடுத்தார்கள்.
ஹப்தோம் தன் மொழியில் நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னான்.
என் வாக்கியத்தைவிட நீளமாக இருந்தது,
என்னென்ன சேர்த்தானோ.

ஐந்தரைக்குக் கிடங்கு வாசலில்
இரவு உடையின்மேல் கோட்டு,
பனியில் செருப்புக்காலோடு சொம்ஜித்.
சோபாவில் படுத்திருந்தாளாம்.
அறுபத்து மூன்று பேரில்
என் செய்தியைப் படித்த ஒரே ஆள்.
வெளியேறுங்கள் என்று வந்தது,
அப்புறம் ஒன்றுமே வரவில்லை,
அதனால் வந்தேன் என்றாள்.
காற்றுக்கு எதிரே, நச்சுக்கு எதிரே,
இரண்டு கிலோமீட்டர்.

எவரோ தன் காலணியைக் கழற்றிக் கொடுத்தார்.
நான் அவளிடம் சொல்ல நினைத்ததைக்
குழாயடியில் தீயணைப்பாளர் கூப்பிட்டதில் விட்டுவிட்டேன்.
திரும்பி ஓடி வந்தபோது ஐந்து நாற்பத்தொன்று.
ஒரு நிமிடம் தாமதம்.
அத்தனை முகங்களும்
ஏற்கெனவே கதவைப் பார்த்திருந்தன.